மாடியில் கரண்டு விளைவிப்பது எப்படி? (பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு மட்டும்)

முதலில் பூமியைத் தோண்டும் ஆசையை விடுங்கள். நம் பக்கத்தில் அது லேசில் போகாது. தோண்டினால் சுண்ணாம்புக்கல், இன்னும் தோண்டினால் கல்லாகிப்போன கடல்நத்தை, ஜெயங்கொண்டம் பக்கம் என்றால் பழுப்பு நிலக்கரி. அதை எரித்து மின்சாரம் எடுக்கப்போவதாகச் சொல்லி 1990களில் நிலம் எடுத்தார்கள். நிலம் போனது, அனல்மின் நிலையம் வரவில்லை, இழப்பீட்டு வழக்குகள்தான் நடந்தன. கடைசியில் நிலத்தைத் திருப்பித் தருவதாக அரசே சொன்னது. 2023இல் நம் பக்கத்து மைக்கேல்பட்டியின் பெயர் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் காணாமல் போனது. வெயிலுக்கோ பட்டா, சிட்டா எதுவும் வேண்டாம்.

அடுத்து மாடியைக் காலி செய்யுங்கள். 3 கிலோவாட் சோலார் பேனலுக்குச் சுமார் 300 சதுர அடி வேண்டும். வெங்காய வடகம், மிளகாய், மக்காச்சோளம் எல்லாம் இடம்பெயர வேண்டியதுதான். இதை அம்மாவிடம் சொல்லும் பொறுப்பை, மானியம் வாங்கித் தருகிறேன் என்று வந்த ஏஜென்டிடமே விட்டுவிடுங்கள். பேனல் தெற்கு பார்த்துச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். தெற்கு எமன் திசையாயிற்றே என்பார் வாஸ்துக்காரர். அவர் வீட்டுக் கரண்டு பில் எவ்வளவு என்று மெதுவாக விசாரியுங்கள்.

கணக்கில் மட்டும் கிண்டல் கிடையாது. மத்திய அரசின் சூரிய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மூன்றும் சேர்ந்து இரண்டு மாதத்தில் மொத்தம் 700 யூனிட்டை ஒட்டி வரும். நம் இரண்டு மாத மின்கட்டணத்தில் 500 யூனிட் ஒரு வேலி. அதைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டும் கூடுதல் காசு என்று நினைக்காதீர்கள். இலவச 100 போக, 101ஆவது யூனிட்டிலிருந்தே விலை மாறிவிடும். ஏசி மாட்டிய வீட்டையும் வேலிக்கு இந்தப் பக்கம் இழுத்துப்போடுவதுதான் சோலாரின் நிஜ லாபம்.

சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் ரோட்டோரமா வீடு? பேனலில் தூசி படியும், இரவில் பனி இறங்கும், இரண்டும் சேர்ந்தால் இறுகும். ஆகவே விடியற்காலையிலேயே துடைத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் மாடிக்கு மேல் இன்னொரு தளம் போட்ட பெருமை உங்களுக்கு. அக்னி நட்சத்திரத்தில் கரண்டு கொட்டும் என்றும் கனவு காணாதீர்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு ஏற ஏற அதன் விளைச்சல் குறையும்.

கடைசியாக, கரண்டு போகும் நேரத்துக்கு ஒத்திகை பாருங்கள். பேட்டரி இல்லாத இணைப்பில், உச்சி வெயிலிலும் உங்கள் வீட்டு ஃபேன் நின்றுவிடும். பக்கத்து வீட்டு அக்கா கேட்காமல் இருக்க மாட்டார்: “சோலார் போட்டும் வேர்க்குதாப்பா?”

“கம்பத்துல ஏறியிருக்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு தானா நின்னுக்குதுக்கா” என்று சொல்லுங்கள். அப்பட்டமான உண்மை. அக்கா நம்ப மாட்டார்.