வெளியூர் மாரத்தானில் தொடக்கக் கோட்டை அடைதல்: மும்பையை முன்வைத்து ஓர் ஆய்வு

மாரத்தான் எனப்படும் நெடுந்தொலைவு ஓட்டத்தின் நீளம் 42.195 கி.மீ. என்பது 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921இல் உலகத் தடகள அமைப்பால் நிலைநிறுத்தப்பட்ட அளவாகும். எனினும் இவ்வளவு, ஓடுபவர் பிப் குத்திய சட்டையோடும் ஒழிந்த வயிற்றோடும் குறித்த நேரத்தில் தொடக்கக் கோட்டில் வந்து நிற்கிறார் என்ற அனுமானத்தின்மேல் எழுப்பப்பட்டது. அவ்வனுமானம் மெய்யாவதற்கு அவர் தம் வீட்டு வாசலிலிருந்து கடக்க வேண்டிய தொலைவை எந்த அமைப்பும் அளந்ததில்லை. அதனைப் ‘புறப்பாட்டுத் தொலைவு’ என இங்கு வழங்கலாம். போட்டித் தொலைவில் சாலையை மறித்துத் தருகிறார்கள், திருப்பங்களைக் காட்டுகிறார்கள், தண்ணீரைக் கையில் கொடுக்கிறார்கள், வழியில் நிற்கும் முன்பின் அறியாதவர்கள்கூடக் கைதட்டுகிறார்கள். புறப்பாட்டுத் தொலைவில் இவற்றுள் ஒன்றும் கிடையாது. எனவே வெளியூர் ஓட்டத்தின் கடினமான பகுதி துப்பாக்கி வெடித்தவுடன் முடிந்துவிடுகிறது என்பதே இவ்வாய்வின் துணிபு.

2004இல் தொடங்கிய மும்பை மாரத்தான் வழக்கமாக ஜனவரி மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று நடைபெறும். மூன்றாம் ஞாயிறு 15ஆம் தேதிக்கு முன்போ 21க்குப் பின்போ வர இயலாது. தைப்பொங்கலோ 14 அல்லது 15இல் வருவது. ஆகவே தமிழ்நாட்டு ஓட்டக்காரர் முதலில் கடக்க வேண்டிய மேடு மும்பையின் பெடர் ரோடு அன்று, தம் வீட்டுக் கூடமே என்க. 2023இல் இரண்டும் ஜனவரி 15 என்ற ஒரே நாளில் விழுந்தன. ஓடுபவரின் எண்ணும் நேரங்கணிக்கும் சிப்பும் கொண்ட பிப்பை முன்னதாகவே எக்ஸ்போவுக்கு நேரில் சென்று பெற வேண்டுமென்பதும், ஓட்ட நாளன்று அது தரப்படமாட்டாது என்பதும் விதி. எனவே அவ்வாண்டு வீட்டார் போகிக்குப் பழைய பாயை வெளியே போட்டுக்கொண்டிருந்தபோது குடும்பத்தலைவர் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் வரிசையில் நின்றிருக்க வேண்டியதாயிற்று. எக்ஸ்போ என்பது பிப் வாங்க வந்தவரை ஷூ வாங்க வைக்கும் கண்காட்சி. அங்கு வாங்கிய புது ஷூவை மறுநாள் அணியலாகாது என்பது ஓட்டக்காரர் அனைவரும் அறிந்த மரபாதலால், அது பெட்டியிலேயே சென்னை வரை பயணம் செய்கிறது.

அடுத்து நிற்பது தங்குமிடச் சிக்கல். இதில் விடுதிவாதிகள், உறவுவாதிகள் என இரு கட்சியினர் உளர். முழு மாரத்தான் தொடங்குவது சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தின் வாசலில். ஆதலால் கோட்டைப் பகுதியில் அறை எடுத்து நடந்தே போய்விடுவதுதான் அறிவுடைமை என்பர் முதற்கட்சியினர். முலுண்டில் சித்தி இருக்க விடுதிக்குப் பணம் கட்டுவது அறிவுடைமையும் ஆகாது, சித்திக்குத் தெரிந்தால் உறவுடைமையும் ஆகாது என்பர் மற்றவர். முலுண்டு முனையத்திலிருந்து 30 கி.மீ.க்கு மேல், டோம்பிவிலி அதனினும் தொலைவு, செம்பூர் அருகெனினும் ஹார்பர் தடத்தைச் சார்ந்தது. அரை மாரத்தான் அண்மை ஆண்டுகளில் மாஹிமில் தொடங்குவதால், பக்கத்திலுள்ள மாட்டுங்காவில் உறவினர் வாய்க்கப்பெற்றவர் இவ்வழக்கில் சேராமல் தயிர்சாதம் உண்டு உறங்கலாம். அது முற்பிறவிப் பயன் என்பதால் ஆய்வுக்கு உட்படாது.

இவ்வழக்கைத் தீர்க்கப் ‘பின்னோக்கிக் கணித்தல்’ என்னும் முறை உதவும். அஃதாவது துப்பாக்கி வெடிக்கும் நேரத்தை முதலாகக் கொண்டு கடிகாரத்தைப் பின்புறமாக ஓட்டுதல். முழு ஓட்டம் அதிகாலை 5 மணிக்கு எனில், பழைய நேரப்படி பிரித்து நிறுத்தும் அடைப்புக்குள் 4.15க்கு நுழைய வேண்டும். பையை ஒப்படைக்க 3.45, சாலைகள் மூடப்படுவதால் டாக்சி எங்கோ இறக்கிவிடும் என்பதையும் சேர்த்து வீட்டைவிட்டுக் கிளம்ப 2.30, உண்டது இறங்க வேண்டுமாதலால் சாப்பிட 2, எழ 1.30. எட்டு மணி நேர உறக்கம் தேவையெனின் முந்தைய நாள் மாலை 5.30க்குப் படுக்க வேண்டும். ஜனவரியில் மும்பையில் கதிரவன் மறைவதே 6 மணிக்குப் பின்னர்தான். ஆகவே அவ்விரவு எவரும் உறங்குவதில்லை. அதற்கு முந்தைய இரவின் உறக்கமே கணக்கில் வரும் என்று ஓட்டக்காரர் தம்மைத் தேற்றிக்கொள்வர்.

இக்கணக்கில் இன்னும் சேர்க்கப்படாத ஓர் உறுப்பு உண்டு. அதுவே தலையாயது: காலைக்கடன். ஆறு மணிக்குப் பழகிய குடலை இரண்டு மணிக்குப் பணியவைக்கும் பயிற்சித் திட்டம் எதுவும் இல்லை. தொடக்க இடத்துத் தற்காலிகக் கழிப்பறை வரிசையை நம்புவது, கடைசி நாளில் தத்காலை நம்புவது போன்றதே. இங்குதான் விடுதிவாதம் வலுவிழக்கிறது. என்னையெனின், வாடகையைப் பகிர மூவர் ஓரறையில் தங்குகின்றனர், மூவரும் ஒரே போட்டிக்கு ஒரே நேரத்தில் எழுகின்றனர், கழிப்பறையோ ஒன்று. சித்தி வீட்டிலும் அது ஒன்றே எனினும், இரவு இரண்டு மணிக்கு அதற்குப் போட்டி இல்லை. மேலும் முந்தைய இரவே இறக்கி வைத்த டிகாக்‌ஷன் அடுக்களையில் காத்திருக்கிறது. அதன் வினை விடுதியின் பொடிக் காப்பிக்கு இல்லை. நள்ளிரவுக்குப் பின் மின்ரயில்கள் சில மணி நேரம் ஓய்ந்திருக்குமே எனின், ஓட்ட நாளன்று விடியுமுன் சிறப்பு மின்ரயில்கள் விடப்படுவது வழக்கமாதலின் அத்தடையும் நீங்கும். எனவே உறவுவாதமே ஏற்புடைத்து. இரவு உணவுக்குச் சித்தி செய்த புதுவகைப் பனீர் குருமாவை மறுக்கும் திறன் மட்டும் தனியே வேண்டும்.

ஊக்கு நான்கு கொண்டுபோக வேண்டும். மற்ற பொருள்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. மறந்தவற்றை எக்ஸ்போவில் இருமடங்கு விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

திரும்பும் பயணம் இதுவரை எவராலும் முறையாக ஆராயப்படவில்லை. முனையத்தின் எதிரே சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதை உண்டு. அதன் படிகளில் பதக்கம் அணிந்தோர் பின்புறமாகத் திரும்பிக் கைப்பிடியைப் பற்றி இறங்குவதை அன்று நண்பகலில் காணலாம். இறங்கும்போது உடல் எடையைத் தாங்கும் தொடைத் தசைகளே ஓட்டத்தில் மிகுதியும் நைந்தவை என்பதே காரணம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும்போது, காலை நேரத்தில் உற்சாகமாக இருந்த ஓட்டக்காரர் எந்தப் படுக்கையானாலும் சரி என்று அழுத்தியிருப்பார். கிடைத்தது மேல் படுக்கை. கீழ்ப் படுக்கைகள் மூத்த குடிமக்களுக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஒதுக்கப்படுபவை. எதிர் இருக்கையில் 70 வயதுப் பாட்டி ஒருவர், இவர் ஏணியில் ஒரு காலை வைத்து நெடுநேரம் நிற்பதைப் பார்த்து, தம் இடத்தை விட்டுத்தர முன்வருவார். அதனை ஏற்கலாமா என்பது ஒழுக்கவியலாரின் ஆய்வுக்குரியது, ஏற்றவர்களே மிகுதி.