ஒரகடத்தில் ஒரு பச்சை மீன்

புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் மீன் என்ற சொல்லையே யாரும் உச்சரிக்கக் கூடாது. விரதம் மாமியாருடையது, அனுபவிப்பது நான். கடைசி வாரத்தில் வாழைக்காயைச் சாய்வாகச் சீவி, மிளகாய்த்தூள் தடவி, தோசைக்கல்லில் போட்டு எடுத்து, "வஞ்சிரம் மாதிரியே இல்ல?" என்று கேட்டாள் மனைவி. தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

ஐப்பசி முதல் தேதி. காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, மச்சான் வண்டியில் வாலாஜாபாத் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். மச்சான் ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்குக் கார் ஓட்டுபவன். மனைவியின் தம்பி என்பதால் என்னிடம் மரியாதை உண்டு. என் பேச்சைக் கேட்பது கிடையாது. "ஒரகடத்துல ஒரு மெஸ் இருக்கு மாமா, மீன் குழம்பு பிரமாதமா இருக்கும்" என்றான். அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றாகிவிட்டது.

"குழம்பு, வறுவல் எல்லாம் தீந்துபோச்சு சார். ரசம், மோர் இருக்கு" என்றார் கல்லாவில் இருந்தவர். ஒரு மாதமாக ரசத்தில் குளித்து வந்தவனிடம் சொல்லும் பேச்சா இது? என் முகத்தைப் பார்த்து இரங்கினாரோ என்னவோ, "மாடியில ஜப்பான் கடை இருக்கு. அங்க மீன் இருக்கும்" என்றார்.

மீன் இருக்கும் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

ஒரகடத்தில் ஜப்பான் கடையா என்று வெளியூர்க்காரர்கள் வியக்கலாம். 2010இல் ரெனோ-நிஸான் கார் ஆலை இங்கே திறந்தது. மண் வாரும் இயந்திரம் செய்யும் கோமாட்சு இங்கே இருக்கிறது; யமஹா, பக்கத்து வல்லம் வடகாலில். ஆலைக்கு இயந்திரம் வந்தால் பொறியாளர் வருவார். பொறியாளர் வந்தால் அவருக்குப் பசிக்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வரை, கீழே பரோட்டாவும் மேலே மீசோ சூப்புமாக லாட்ஜுகள் முளைத்தது இப்படித்தான். உலகமயமாக்கல் பற்றி யார் யாரோ தடித்தடியாகப் புத்தகம் எழுதுகிறார்கள். இந்த மாடிப்படியில் ஒருமுறை ஏறினால் போதும்.

உள்ளே ஏ.சி. சுவரில் ஃபியூஜி மலை, அதற்குப் பக்கத்திலேயே மாலை போட்ட பிள்ளையார். உட்கார்ந்ததும் சுடச்சுட ஈரத்துண்டு தந்தார்கள். கை துடைப்பதற்கு. மச்சான் முகம், கழுத்து, பிடரி என்று வரிசையாகத் துடைத்து, வாலாஜாபாத் ரோட்டுத் தூசு மொத்தத்தையும் அதில் இறக்கி, நான்காய் மடித்துத் தட்டிலேயே வைத்தான். பக்கத்து மேசையில் நீலச் சீருடையில் இரண்டு ஜப்பானியர்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து அதையே கேட்கலாம் என்பது என் யோசனை. பார்த்தால், சோறும் குழம்பும்! ஸ்பூனால் அள்ளி அள்ளி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியர் வீட்டில் அடிக்கடி செய்வது இந்தக் 'கறி ரைஸ்'தானாம். தினம் சுஷி தின்பார்கள் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

"சுஷி சொல்லட்டுமா மாமா? மீன்தான்" என்றான் மச்சான். சொல்லியும் விட்டான். எட்டுத் துண்டு 480 ரூபாய்.

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று செய்தவர் செய்யாற்றுத் தம்பி. ஒரு ஜப்பானிய மாஸ்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவராம். வினிகர் கலந்த தண்ணீரில் கையை நனைத்து ஒரு தட்டு. வலக்கையால் கொஞ்சம் சோற்றை எடுத்து உருட்டல். இடக்கை விரல்களின்மேல் மெல்லிய மீன் துண்டு. அதன் அடிப்பக்கத்தில் ஆட்காட்டி விரலால் ஒரு துளி வசாபி. மேலே சோறு, ஒரு அழுத்து, புரட்டல், பக்கவாட்டில் இன்னொரு அழுத்து. ஐந்தாறு நொடியில் ஒன்று. பார்க்க அழகுதான். நான் காத்திருந்தது அதற்கல்ல. எப்போது அடுப்பைப் பற்றவைப்பார் என்று. அடுப்பே இல்லை. தட்டு நேரே மேசைக்கு வந்தது.

ஒரு மாதம் விரதம் இருந்து, முதன்முதலாகக் கண்ணில் படும் மீன், நெருப்பையே கண்ணில் பார்க்காத மீன்!

ஆரஞ்சு நிறத்தில் இருந்தது சால்மன். நார்வேயிலிருந்து உறைநிலையில் வருகிறது என்றார் தம்பி. ஒரு காலத்தில் ஜப்பானியர்களே இதைப் பச்சையாகத் தொடமாட்டார்கள். அவர்கள் கடல் சால்மனில் புழு உண்டு என்று வேகவைத்தும் சுட்டும்தான் தின்றார்கள். 1980களில் நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணை மீனை விற்க, வருஷக்கணக்காகப் பிரசாரம் செய்து பழக்கிவிட்டார்கள். ஜப்பானியரே பயந்த மீனைப் பார்த்து நான் பயந்ததில் அவமானம் ஒன்றும் இல்லை.

சிவப்பாய் இருந்தது சூரை. "சூரையா வாங்கிட்டு வந்தே?" என்று நம் வீடுகளில் முகம் சுளிப்பார்களே, அதே சூரை. அதற்குப் பெரியப்பா முறையில் நீலத்துடுப்புச் சூரை ஒன்று இருக்கிறது. 2019 புத்தாண்டு ஏலத்தில், டோக்கியோவின் டொயோசு சந்தையில், 278 கிலோ எடையுள்ள ஒரு மீன் 33 கோடி யென்னுக்கு மேல் போயிற்று. கருவாட்டுக்கூடையில் கிடக்கும் சூரைக்கு இந்தச் சேதி தெரிய வேண்டாம்.

வசாபியைச் சட்னி என்று நினைத்து அள்ளித் தின்ற கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். என்னிடம் அது கிடையாது, மச்சான் முந்திக்கொண்டான். கண்ணில் நீர் கொட்ட, "தாய்ஜோபு, தாய்ஜோபு" என்று தனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். உண்மையான வசாபி குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் வளரும் அருமையான செடி. உலகத்தில் பெரும்பாலான தட்டுகளுக்கு வருவது குதிரை முள்ளங்கியும் கடுகும் பச்சைச் சாயமும் கலந்த விழுதுதான். கடுகுதான் மூக்கில் ஏறியது என்று சொன்னதும் மச்சானுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

குச்சி எனக்குப் பிடிபடவில்லை. மச்சான் கெட்டிக்காரன், ஒரு துண்டைக் குச்சியில் பிடித்து, "இந்தாங்க மாமா" என்று என் குச்சிக்கு நீட்டினான். செய்யாற்றுத் தம்பி பதறிப்போய் ஓடிவந்தார். "அண்ணே, குச்சிக்குக் குச்சி கொடுக்காதீங்க! அவங்க ஊர்ல எரிச்ச எலும்பைத்தான் அப்படி எடுப்பாங்க." ஜப்பானியர்கள் தலையைக் குனிந்து குழம்பில் கவனமாக இருந்தார்கள். சோற்றில் குச்சியைக் குத்தி நிறுத்துவதும் கூடாதாம். அது செத்தவருக்குப் படைப்பது. வாய்க்கரிசி போடும் ஊரில் பிறந்த எங்களுக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் ஆகவில்லை. "கையாலயே சாப்பிடுங்கண்ணே, தப்பே இல்ல. மீன் பக்கத்தை மட்டும் சோயாவுல தொடுங்க" என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன். மீன் வாடை இல்லை. வழுவழுப்பாக, இளநீர் வழுக்கை மாதிரி, மெல்லுவதற்குள் இறங்கிவிட்டது. சூரை இன்னும் மேல். பச்சை மீனுக்கு நான் பாஸ் மார்க் போடுவேன் என்று யாராவது ஐப்பசி பிறப்பதற்கு முன் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

தோற்றது சோறு. ஜில்லென்று, விறைத்து, நடுவில் அரிசியாகவே நின்றது. சுஷியில் மீனைவிடச் சோறுதான் முக்கியம் என்பார்கள் தொழில் தெரிந்தவர்கள். வினிகர், சர்க்கரை, உப்பு சேர்த்துக் கிளறி, உடம்புச் சூட்டில் வைத்திருந்து பிடிக்க வேண்டும். "கம்பெனி ஆர்டருக்குக் காலையிலயே செஞ்சது, மிச்சத்தை ஃப்ரிட்ஜுல வெச்சிட்டாங்க" என்று தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னார். 1820களில் எடோ நகரத் தெருவோரத்தில், அவசர வேலைக்காரர்களுக்குக் கையில் பிடித்து அப்போதே நீட்டிய பண்டம் இது. ஹனாயா யோஹெய் என்ற கடைக்காரர் பிரபலப்படுத்தினார் என்பார்கள். அந்தப் புண்ணியவான் ஃப்ரிட்ஜைக் கண்டிருக்க மாட்டார். 1958இல் ஒசாகா பக்கம், பீர் ஆலையில் பெல்ட்டில் பாட்டில் ஓடுவதைப் பார்த்து, சுஷித் தட்டையும் பெல்ட்டில் ஓடவிட்டார் ஷிராயிஷி யோஷியாகி. ஒரகடத்தில் பெல்ட்டுக்கா பஞ்சம்? சோற்றுக்குத்தான் ஒரு ஹாட்பாக்ஸ் இல்லை.

வெளிநாட்டுச் சாப்பாடு என்றதும் நமக்கு மீன்மேல்தான் சந்தேகம் வருகிறது. சோற்றைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. பந்தியில் சாதம் ஆறிப்போயிருந்தால் சம்பந்தியையே எழுப்பிவிடுகிற சனம், ஏ.சி. அறையில் 480 ரூபாய்க்குப் பழைய சோற்றை வாயைத் திறக்காமல் விழுங்குகிறது. பழைய சோற்றுக்காவது வெங்காயம் தருவார்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள். சோறு எப்போது செய்தது என்று மட்டும் கேட்டுவிட்டு உட்காருங்கள். ஆனால் கைவசம் வஞ்சிரம் இருக்கிறதே என்று வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். பச்சையாகத் தின்னும் மீனில் புழு சாக, மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. காசிமேட்டில் ஐஸ் தூவி வாங்கி வந்ததைக் குழம்புக்கே விட்டுவிடுங்கள்.