ஜி லைன் சரியில்லை

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, இருபது வயதுப் பையன் ஒருவன் என் காலைத் தூக்கச் சொன்னான். தூக்கினேன். லாடம் அடிக்கிறவன் மாட்டுக் குளம்பைப் பார்ப்பதுபோல என் ஷூவின் அடியைப் பார்த்துவிட்டு, "நான்-மார்க்கிங் இல்லையே அங்கிள், கோர்ட்ல கோடு விழும்" என்றான்.

ஆப்பில் பதிவு செய்து, பணம் கட்டி, தண்ணீர் பாட்டில், துண்டு சகிதம் மகளோடு ஷட்டில் ஆடப் போனவன் நான். அவள் பக்கத்துக் கோர்ட்டில் ஆள் குறைந்த கும்பலோடு சேர்ந்துகொண்டாள். எனக்கு ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி. கோபம் இன்னும் ஆறவில்லை. அங்கிள் என்றதைக்கூட மன்னித்துவிடலாம். கோடு விழக்கூடாதாமே! எங்கள் வீட்டில் விளையாட்டு என்றாலே கோடு போடுவதுதான்.

அப்பா தாலுகா ஆபீசில் சர்வேயர். கும்பகோணத்தில் நாங்கள் ஆடியது பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். 1856 வாக்கிலேயே தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்லப்படும் ஆட்டம். அதனால் அப்பா அதன் பட்டாவே தன் பெயரில் இருப்பதுபோலப் பேசுவார். 1980இல் பிரகாஷ் படுகோன் ஆல் இங்கிலாந்து ஜெயித்தார். தெருப் பையன்கள் ஷட்டிலுக்குத் தாவினார்கள். "காத்தடிச்சா அடுத்த வீட்டுக்குப் போற இறகெல்லாம் ஒரு பந்தாடா?" என்று அப்பா என்னை மட்டும் தாவவிடவில்லை. அப்போது நான் எட்டாம் வகுப்பு. சர்வீஸ் போடுவதில் அவர் எனக்கு ஒரு சூட்சுமம் சொல்லித் தந்தார். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அதற்கு முன் மைதானத்தைப் பற்றி இரண்டு வரி.

பூப்பந்துக் கோர்ட் நீளம் 24 மீட்டர், அகலம் 12. மற்றவர்களாக இருந்தால் மூலைக்கொரு செங்கல் வைத்துவிட்டு ஆட ஆரம்பிப்பார்கள். அப்பா ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, கொல்லைக்குப் பின்னால் இருந்த தரிசில் முதல் முளையை அடிப்பார். முளைத் தலையில் ஆணி, ஆணியில் சணல், சணலின் மறுமுனையில் நான். "இழுத்துப் பிடிடா, தொய்யுது." இழுப்பேன். "அவ்வளவு இழுக்காதடா, கயிறு நீளும்." மூலை மட்டத்துக்கு மூன்று, நான்கு, ஐந்து. இந்தப் பக்கம் மூன்று மீட்டர், அந்தப் பக்கம் நான்கு, குறுக்கே சரியாக ஐந்து வந்தால்தான் செங்கோணம். வராது. இரண்டு விரல் கூடும். முளையைப் பிடுங்கி மறுபடி அடிப்போம். இப்படி நான்கு மூலை.

பிறகு குறுக்குக்கோடு. சர்வே பாஷையில் ஜி லைன். இரண்டு ஜி லைனும் 26 மீட்டர் 83 சென்டிமீட்டர் வரவேண்டும். ஒன்று வரும். இன்னொன்று 26.90 என்று நிற்கும். "ஜி லைன் சரியில்லையே" என்று முனகிக்கொண்டே, வாய்தாவுக்கு வந்த கட்சிக்காரர்களைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு முளையாகப் பார்ப்பார். ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. அநேகமாக அது நான் பிடித்த முளையாகத்தான் இருக்கும்.

அப்புறம் சுண்ணாம்பு. பால்பவுடர் டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். வேகமாகத் தட்டினால் கோடு தடிக்கும். தடித்தால் எந்த ஓரம் எல்லை என்று சந்தேகம் வருமாம். எல்லைத் தகராறு பார்த்துப் பார்த்தே நரைத்தவர். "பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாங்கின சுண்ணாம்புங்க அது" என்று அம்மா கொல்லைக் கதவருகே நின்று சொல்லிப் பார்ப்பாள். வெளிக்கோடு முடிந்ததும் நடுக்கோடு. வலைக்கு இருபுறமும் ஒரு மீட்டர் தள்ளி கிரீஸ் கோடு. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ஆடு வரும். குறுக்கே போய்த் தொலைந்தால் பரவாயில்லை. கோட்டின் மேலேயே, ஜி லைனுக்குப் பிறந்ததுபோல, நேராக நடக்கும்.

ஆட வந்தவர்கள் வரப்பில் உட்கார்ந்து ஒரு கட்டு பீடியைத் தீர்த்துவிடுவார்கள். "ஆட்டம் எப்போ சார்?" "கோடு முடியட்டும்." கோடு முடியும்போது மணி ஆறரை. மஞ்சள் பந்து என்ன, பத்து விரல்கூடத் தெரியாது. வாரநடுவில் ஒரு மழை பெய்யும். அடுத்த ஞாயிறு முதல் முளையிலிருந்து.

பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் நூறு கோர்ட்டாவது போட்டிருப்பேன். முழுசாக ஆடியது பதினொரு ஆட்டம். இதைச் சொன்னால், "அப்பாவோட எவ்ளோ குவாலிட்டி டைம் சார் உங்களுக்கு!" என்று கண் கலங்குகிறார்கள். சணல் பிடித்த கை என்னுடையது ஐயா. எனக்கு ஆடவேண்டும் என்று இருந்தது. அவரிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை; சொல்லியிருந்தால் "கயிறை விடாம சொல்லு" என்றிருப்பார்.

சர்வீஸ் சூட்சுமத்துக்கு வருகிறேன். எல்லாம் பந்தைப் பிடிக்கிற விரலில் இருக்கிறது. ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று விரல் ஞாபகம் வரவில்லை. ஷட்டில் கோர்ட் 13.40 மீட்டருக்கு 6.10. ஜி லைன் 14.72 வரவேண்டும். எனக்கென்னவோ அந்த இடது பின்மூலை உள்ளே ஒடுங்கியதுபோலவே பட்டது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். எழுந்து நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பொறுக்க முடியவில்லை.

"தம்பி, டேப் இருக்கா?"

பையன் ஓடிப்போய் செல்லோ டேப் கொண்டுவந்தான். "ஷூவுல சோல் பிஞ்சிருச்சா அங்கிள்?"