காந்தலூர் டீக்கடையில் மாஸ்டர் மாறுதலும் வாடிக்கையாளர் மாறாமையும்: ஓர் ஆய்வு

முதலில் ஆய்வெல்லையை வகுத்துவிட வேண்டும். காந்தலூர் என்றதும் சோழர் வரலாற்றில் தோய்ந்தவர்கள், ராஜராஜன் கலம் அறுத்த காந்தளூர்ச் சாலையை நினைத்து நிமிர்ந்து உட்கார்வார்கள். அது வேறு ஊர். திருவனந்தபுரத்தை ஒட்டி இருந்தது என்பது அறிஞர் துணிபு. இது இடுக்கி மாவட்டத்துக் காந்தலூர். உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மலையேறினால் ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்தில் வரும். பூண்டு, ஆப்பிள், பிளம், ஜீப் ஆகியவை கருப்பொருள்.

ஆனாலும் பழைய சாலையை (வழியல்ல, மாணவர்கள் உண்டு தங்கிப் படித்த இடம்) அடியோடு விட்டுவிட மனமில்லை. அங்கே அறுக்கப்பட்ட கலம் கப்பலா, சோற்றுத் தட்டா என்ற வழக்கு பல தலைமுறையாக நடந்துவருகிறது. நான் தட்டுக் கட்சி. எங்கள் கட்சி சொல்வது சரியென்றால், ஒரு பேரரசரின் மெய்க்கீர்த்தியில் முதல் சாதனையாகச் சொல்லப்படுவது ஒரு சாப்பாட்டுக் கூடத்தின் நிர்வாக மாற்றம். இந்த ஆய்வுப் பொருள் அற்பமானது என்று சொல்ல நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே சாலையின் முறைப்படி 9ஆம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில் ஏற்படுத்திய சாலையில் 95 பேருக்கு இடம் வைத்திருந்தார்கள் என்று செப்பேடு கூறுகிறது. ஆட்கள் வருவார்கள், போவார்கள்; 95 போகாது. நம் டீக்கடையில் இது தலைகீழ். குடிப்பவர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். போட்டுக் கொடுப்பவர் மாறிக்கொண்டே இருக்கிறார்.

இதிலிருந்துதான் ஆய்வுச் சிக்கல் பிறக்கிறது. பெயர்ப்பலகை அதேதான். பெஞ்சு அதேதான், ஆடும் காலும் அதே கால். மாஸ்டர் மட்டும் வேறு. அப்படியானால் இன்று காலை குடித்தது அந்தக் கடை டீயா? பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பின் அது தீசியஸின் பழைய கப்பல்தானா என்று கிரேக்கர்களும் குழம்பியதாக புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அவர்களுக்கும் கலத்தில்தான் சிக்கல். ஆனால் அந்தக் கப்பலில் தினமும் ஏறி உட்கார்ந்த ஒரு ஆளைக் கேட்டிருந்தால் விஷயம் அன்றே தீர்ந்திருக்கும். கிரேக்கர்களுக்குக் கள ஆய்வில் பழக்கம் போதாது.

வாடிக்கையாளர் யார்? 'சொல்லாமல் டீ வரப்பெறுபவர்' என்பது இவ்வாய்வின் வரையறை. சொல்லாமல் என்றதனால் விரலைக் காட்டுவோர், கண்ணைக் காட்டுவோர், தொண்டையைச் செருமுவோர் மூவரும் விலக்கப்பட்டனர். வரப்பெறுபவர் என்றதனால் தாமே எழுந்துபோய் எடுத்துவருவோர் விலக்கப்பட்டனர். பற்று நோட்டில் தமக்கென்று பக்கம் உடையவரே வாடிக்கையாளர் என்பாரும் உளராலோ எனின், அவர் கடன்காரர் எனப்படுவாரன்றி வாடிக்கையாளர் எனப்படார் என மறுக்க. இரண்டும் ஒருவரிடமே அமைவதுண்டு. அஃது ஈண்டு ஆராய்ச்சியின்று.

இனி காலப் பகுப்பு. எங்கள் கடையின் வரலாறு உடுமலைக்காரர் காலத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்பும் டீ இருந்திருக்க வேண்டும், சான்றுகள் இல்லை. அது பொற்காலம். ஒரு கை வானத்தில், ஒரு கை இடுப்பில் என்று அவர் ஆற்றிய டீயைப் பற்றி மூத்த வாடிக்கையாளர்கள் பேசும்போது குரல் மாறுகிறது. அடுத்து பாலக்காட்டுக்காரர் காலம். கடுப்பம் கூடிய காலம், பழம்பொரியும் சுகியனும் கண்ணாடிப் பெட்டிக்குள் குடியேறிய காலம். பிறகு கொரோனா. 2020 மே 1ஆம் தேதி ஆலுவாவிலிருந்து புவனேஸ்வருக்கு, கேரளத்தின் முதல் சிறப்பு ரயில் வெளிமாநிலத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போனது. கடைகள் திறந்தபோது பாய்லர் முன் நிற்க ஆளில்லாமல் முதலாளியே நின்றார். இதைக் களப்பிரர் காலம் என்கிறோம். அது இருண்ட காலம் என்று பழைய ஆசிரியர்கள் சொன்னார்கள். அவ்வளவு இருட்டில்லை என்று புதியவர்கள் சொல்கிறார்கள். அந்த டீயின் நிறத்தைப் பார்த்தவர்களுக்குப் பழைய ஆசிரியர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது. இப்போது நடப்பது அசாம் காலம். நடுவில் ஜார்க்கண்ட் அரசர் ஒருவர் சில வாரம் ஆண்டதாகத் தெரிகிறது. காசு வெளியிடும் முன்பே மூணாறு ரிசார்ட் ஒன்று அவரைக் கொண்டுபோய்விட்டது.

காலத்தை அளக்க எங்களிடம் இன்னொரு அலகும் உண்டு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். இந்த மலைகளில் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. இரண்டு பூப்புக்கும் ஒரே பாய்லர் முன் நின்ற மாஸ்டர் என்று ஒருவரும் அகப்படவில்லை. இரண்டு பூப்புக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர்கள் மூலைக்கு ஒருவர் இருக்கிறார்கள். சிலர் எழுந்ததற்கே சான்றில்லை.

புது மாஸ்டரின் முதல் வாரத்து டீ எப்போதும் சப்பென்று இருப்பது ஏன்? சோம்பல் என்பார்கள் அறியாதார். விடை இயற்பியலில் இருக்கிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், இந்த உயரத்தில் 95 டிகிரியை ஒட்டியே தளதளவென்று கொதித்துவிடும். கீழ்நாட்டிலிருந்து வருபவர் கொதியைப் பார்த்துக் கணக்குப் போடுவார். கொதி வந்துவிட்டது, சூடு வரவில்லை. தூள் இறங்காது. இன்னும் கொஞ்ச நேரம் விட வேண்டும், தூளும் ஒரு கை கூட வேண்டும். இதை அவருக்கு யார் சொல்வது? முதலாளிக்குக் கல்லாவில் வேலை. முன்னாள் மாஸ்டர் எழுதிவைத்துவிட்டுப் போவதில்லை. பெரும்பாலும் சொல்லிக்கொண்டும் போவதில்லை. மூலையில் இருக்கும் ஒரு வேட்டிதான் குரல் கொடுக்கிறது: "தம்பி, இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்."

வெல்ல டீயும் இப்படித்தான். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பின், வெளியூர்க்காரர்கள் அதைப் போட்டே டீ வேண்டும் என்கிறார்கள். கட்டன் சாயாவில் போட்டால் வம்பில்லை. பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பால் திரிந்துபோக வாய்ப்புண்டு. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் போட வேண்டும். ஒவ்வொரு புது மாஸ்டரும் ஒரு பாத்திரம் பாலைத் திரித்தே இதைக் கற்கிறார். அந்தப் பாத்திரத்தின்போது பின்னாலிருந்து எழும் "அய்யய்யோ" எப்போதும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறது.

தாய்லாந்து அரசு இப்படி வேட்டிகளை நம்பவில்லை. உலகமெங்கும் தாய் உணவகங்களைப் பெருக்க 2002இல் ஒரு திட்டமே தீட்டியது; தரமான கடைக்குத் 'தாய் செலக்ட்' என்று முத்திரை குத்திக் கொடுக்கிறது. லண்டனில் சமையற்காரர் மாறினாலும் ருசி கைவிட்டுப் போகக் கூடாது என்று பாங்காக்கில் ஒரு அமைச்சகம் கவலைப்படுகிறது. இந்தியன் காபி ஹவுஸ் வேறு வழி கண்டது. 1957இல் காபி போர்டு தன் கடைகளை மூடியபோது, வேலையிழந்தவர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னிற்கக் கூட்டுறவு சேர்த்தார்கள். கேரளத்தின் முதல் கடை 1958இல் திருச்சூரில் வந்தது. அங்கே தலை மாறும், விசிறி வைத்த தலைப்பாகை மாறாது. தலைப்பாகையோடு பழகியவனுக்கு உள்ளே இருக்கும் தலையைப் பற்றி என்ன? மேலும் அங்கே ஊழியர்களே முதலாளிகள். கோபித்துக்கொண்டு ஓடினால் தன்னிடமிருந்தே ஓட வேண்டும். காந்தலூர் டீக்கடைக்குத் தலைப்பாகையும் இல்லை, அமைச்சகமும் இல்லை. அந்த அமைச்சகம் மூலை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறது.

மாஸ்டருக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள உறவை விளக்க மேனாட்டுக் கோட்பாடு எதுவும் தேவையில்லை, தொல்காப்பியர் போதும். நிலம் என்னவோ குறிஞ்சிதான். ஒழுக்கம் குறிஞ்சியோடு நிற்பதில்லை. புதியவர் முதல் டம்ளரை நீட்டும்போது கண்ணோடு கண் நோக்குவது குறிஞ்சி. டீ வரும்வரை ஆற்றியிருப்பது முல்லை. ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக் கூட்டத்தில் இது நெடுமுல்லை. சர்க்கரை கூடிப்போனதற்காக இரண்டு நாள் எதிர்க்கடைக்குப் போய்விடுவது மருதம். ஊடல் தீர்க்கும் வாயிலாக முதலாளியே வருகிறார். இதில் எந்தக் கடை பரத்தையர் சேரி என்பதில் இரு கடைக்காரர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. குளிர் தாங்காமலோ சம்பளம் போதாமலோ மாஸ்டர் பையைத் தூக்குவது பாலை. 2021இல் அசாம், வங்காளம், தமிழ்நாடு, கேரளம் நான்குக்கும் ஒரே பருவத்தில் தேர்தல் வந்து, டீ போடுபவன், டம்ளர் கழுவுபவன், குடிப்பவன் மூவரும் மூன்று திசையில் ஓட்டுப் போடப் போனார்கள். அதைப் பாலையின் உச்சம் என்க. நெய்தலுக்குரிய இரங்கலும் குறைவின்றி உண்டு. கடல்தான் இல்லை.

ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989இல் எழுதிய நூலில், வீடும் வேலையிடமும் அல்லாத மூன்றாம் இடம் என்று காப்பிக்கடை போன்றவற்றைச் சொல்லி, அங்கே களை கட்டுவது வாடிக்கையாளர்களால்தான் என்றார். அது வரைக்கும் சரி. ஆனால் மூன்றாம் இடம் என்று சொன்னதில் நமக்கு உடன்பாடில்லை. நம் மூலை பெஞ்சுக்காரருக்கு அது முழுக்க வேலையிடம். புதியவருக்குப் பயிற்சி தருகிறார். யாருக்கு விதவுட், யாருக்கு லைட் என்ற பதிவேடு அவர் தலைக்குள் இருக்கிறது. ஜீப்காரர் டம்ளரை மறதியாக எடுத்துக்கொண்டு போனால் கூப்பிடுவது அவர். பருப்பு வடையில் உப்பு கூடினால் முதல் தகவல் அறிக்கை அவருடையது. விடுப்பு எடுப்பதில்லை. சம்பளம் வாங்குவதில்லை, மாறாகக் கொடுக்கிறார். ஆக, கடையின் ஒரே நிரந்தர ஊழியர் வாடிக்கையாளரே என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு; பெரிய மறுப்பு. நிரந்தரம் என்கிறீரே, எவ்வளவு நாளாக என்று கேட்கலாம். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற அஞ்சுநாட்டுக்காரர்கள் தங்கள் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் என்றே வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். 1956இல் எல்லை பிரித்தபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தோடு போனது. ஆள் நகரவே இல்லை, மாநிலம் வந்து சேர்ந்தது. மலையாளிகள் வளைகுடாவுக்குப் போனார்கள், அந்த இடத்துக்குத் தமிழர்கள் வந்தார்கள். தமிழர்கள் குறைய, வங்காளிகளும் அசாமியரும் ஒடியாக்காரர்களும் வந்தார்கள். கேரளத் தொழிலாளர் துறைக்காகக் குலாத்தி நிறுவனம் 2013இல் செய்த ஆய்வு, அப்படி வந்தவர்கள் 25 லட்சத்துக்கு மேல் என்றது. மலைக்கு மேலே முனியறை என்னும் பழங்காலக் கல்லறைகளைக் கட்டியவர்களும் ஒரு காலத்தில் இங்கே வாடிக்கையாளர்களாக இருந்தவர்கள்தாமே. இந்தக் கணக்கில் பார்த்தால் மூலை பெஞ்சுக்காரரும் கொஞ்சம் பழைய மாஸ்டர், அவ்வளவுதான். இந்த மறுப்பை அவர் முன் வைத்தேன். பேப்பரை மடித்தார், யோசித்தார், "அப்ப எனக்கு முன்னாடி இந்த பெஞ்சில யாரு?" என்று கேட்டார். கேள்வி முதலாளிக்கு அனுப்பப்பட்டது. அவர் தன் அப்பாவைக் கேட்க வேண்டும் என்றார். அப்பா போட்டோவில் இருக்கிறார்.

மறுப்பு நிலுவையில் இருக்க, கருதுகோளை நிறுவும் சோதனை தானாகவே நடந்தது. ஓணம் விடுமுறையில் கார் காராகக் கூட்டம். ஒரு கோட்டயத்துக் குடும்பம் உள்ளே வந்து, கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் நின்றிருந்த ஆய்வாளனைப் பார்த்து, "சேட்டா, நாலு சாயா. ஒண்ணு விதவுட்" என்றது. நான் ஊழியனல்லன் என்று விளக்கியிருக்க வேண்டும். ஆய்வு நெறி அதையே வேண்டும். வாய் திரும்பி உள்ளே குரல் கொடுத்துவிட்டது: "நாலு டீ, ஒன்னு விதவுட், வெந்நீர்ல டம்ளரக் கழுவிக் குடு தம்பி." அசாம் தம்பி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, போட்டான். எடுத்துக் கொண்டுபோய் வைத்தேன். பணத்தையும் என்னிடமே தந்தார்கள். கல்லாவில் நீட்டினேன். முதலாளி தலை நிமிராமல் எண்ணி உள்ளே போட்டுக்கொண்டு, மீதியைத் தந்தார்.

"குடுத்துட்டு, அந்த மேசையையும் ஒரு தொட தொடச்சுருங்கண்ணே."