வத்தல் மூட்டைக்கு எந்த ரூமு, பேரப்புள்ள?

ஏய்யா பேரப்புள்ள, நீ வாட்சப்புல அனுப்புன வீட்டுப் பிளானைப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டும் பார்த்தேன், கழட்டி வச்சிட்டும் பார்த்தேன். மாஸ்டர் பெட்ரூம், கெஸ்ட் ரூம், ஆபீஸ் ரூம், ஹோம் தியேட்டர், ரூமுக்கு ஒரு கக்கூஸ், மாடியில பால்கனி, வாசல்ல வாஷ்பேசின். எல்லாம் இருக்கு. வீடு விளாத்திகுளத்துல கட்டப் போறோம்ங்கிறது மட்டும் பிளானைப் பார்த்தாத் தெரியலை.

உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிஞ்சு போச்சுன்னு 2023 மே 5ஆம் தேதியே சொல்லிருச்சு. உன் இன்சினியருக்கு இன்னும் தாக்கல் வரலை போலிருக்கு. வாசப்படியில கை கழுவத் தொட்டி, சாமான் கொண்டு வாரவனை உள்ள விடாம வாங்கிக்கிட சுவத்துல ஒரு பொந்து, நோய் வந்தவனைத் தள்ளி வைக்க மாடியில தனி ரூமு. இதுக்குப் பால் காய்ச்சுறதா, இல்ல ஆஸ்பத்திரின்னு போர்டு மாட்டுறதான்னு ஒங்க பாட்டி கேக்கா. நான் கேக்கலைய்யா, அவதான் கேக்கா.

உன்னையும் குத்தம் சொல்ல முடியாது. 2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்நாட்டுல ஊரடங்கு போட்டப்ப, நீ சோழிங்கநல்லூர்ல நாலு பயலுகளோட ஒரே பிளாட்டுல மாட்டிக்கிட்டுக் கெடந்தே. ஊருக்கு வர இ-பாசுக்கு மனுப் போட்டு மனுப் போட்டுப் பார்த்து, கடைசியில தாத்தா செத்துட்டாருன்னு எழுதித்தான் வாங்குனியாமே? நல்லாரு. சர்க்கார் கணக்குல நான் போய்ச் சேந்து வருசமாச்சு. செத்த மனுசன் சொல்லுதேன், கொஞ்சம் காது குடுத்துக் கேளு.

மொதல்ல அந்த ஆபீஸ் ரூமு. அந்த ஆசை உனக்கு என்னைக்குப் பிறந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நீ வந்து எறங்கினது சித்திரைக் கடைசி. காட்டுல பழம் பறிச்சு, களத்துல காயப் போட்டு, வத்தலைச் சாக்குல அமுக்கி வச்சிருந்தோம். கமிசன் கடை பூட்டிக் கெடக்கு, லாரி இல்ல. மேக்கு ரூமுல மூட்டை முகட்டைத் தொட்டுக்கிட்டு நிக்கி. செல்போனுக்கு டவர் அந்த ரூமு ஜன்னல்லதான் எடுத்துச்சு. நீயும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு, மேல சட்டை, கீழ கைலின்னு மூட்டைக்கு நடுவுல உக்காந்து இங்கிலீசுல ஆரம்பிச்சே. பேன் காத்துல நெடி கெளம்புச்சு பாரு! நீ அடிச்ச தும்மல்ல தொழுவுல கெடந்த பசு எந்திரிச்சு நின்னுருச்சு. அதுக்கு மேல இருமல் வேற. அங்கிட்டு ஒங்க மேனேசரு வெலவெலத்துப் போயி டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேட்டாராம். ஐயா, இது வத்தல் நெடின்னு நீ சொன்னதை அவரு நம்பவே இல்லை. உடம்பைப் பாத்துக்கோன்னு லீவு குடுத்துட்டாரு. ஊரே நோய்க்குப் பயந்து நடுங்கிக்கிட்டு இருந்தப்ப, மிளகா மூட்டைக்கு லீவு வாங்குன ஆளு நீ ஒருத்தன்தான்.

சரி, வீட்டுல இருந்தே வேலை பாக்குறது என்னமோ ஒங்க கம்பெனி கண்டுபிடிச்ச அதிசயம் மாதிரிப் பேசுதியே. கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் ஊரு ஊருக்குப் பொம்பளைக தீப்பெட்டி ஆபீசுல இருந்து குச்சியையும் சட்டத்தையும் வீட்டுக்கு வாங்கிட்டு வந்து கட்டை அடுக்குனாக, பெட்டி ஒட்டுனாக. அடுப்புல உலை கொதிக்கும், மடியில பிள்ளை பால் குடிக்கும், கை பாட்டுக்குக் குச்சியை அடுக்கிக்கிட்டே இருக்கும். ஒங்க பாட்டியும் அடுக்குனவதான். அவுக தனி ரூமா கேட்டாக? கூலியைக் கொஞ்சம் கூட்டிக் குடுங்கன்னு கேட்டாக. அதுவே கெடைக்கலை.

நம்ம கீழத்தெருவுல ஒருத்தன் 2021ல அவசர அவசரமா ஆபீஸ் ரூமு வச்சு வீடு கட்டினான். சிமெண்டு வெலை தாறுமாறா ஏறிப் போயி, கவர்மெண்டே அந்த நவம்பர்ல ‘வலிமை’ன்னு ஒரு சிமெண்டை 350, 365 ரூவாய்க்கு எறக்குன வருசம் அது. அந்த வெலையிலயும் விடலை அவன். சத்தம் உள்ள வராத கண்ணாடி ஜன்னலு, ஏசி, முதுகு வலிக்காத நாற்காலி. 2023 அக்டோபர்ல டிசிஎஸ் மாதிரி மலை கணக்கா இருக்குற கம்பெனியே வாரம் அஞ்சு நாளும் ஆபீசுக்கு வந்து சேருங்கன்னு சொல்லிருச்சு. இவன் கம்பெனி சும்மா இருக்குமா? பெட்டியைக் கட்டிட்டுப் போயிட்டான். இப்ப அந்த ரூமுல அவுக அய்யா உளுந்து மூட்டை அடுக்கி வச்சிருக்காரு. ஏசி ஓடலை. ஆனா ஜன்னல் இடுக்கு இல்லாததால எலி வரலைன்னு மனுசனுக்கு அம்புட்டு சந்தோசம். முதுகு வலிக்காத நாற்காலியில கோழி அடை படுத்துருக்கு.

தென்காசிக்குப் பக்கத்துல மத்தளம்பாறையில ஜோஹோக்காரரு ஆபீசை வச்சு, 2019ல அங்கயே குடியும் வந்துட்டாரேன்னு நீ கேப்பே. வாஸ்தவம்தான். உன் மொதலாளியும் புதூருக்கோ நாகலாபுரத்துக்கோ குடி வரட்டும், நானே கைக்காசு போட்டு ஆபீஸ் ரூமு கட்டித் தாரேன். அது வரைக்கும் அந்த ரூமை வத்தலுக்கும் மல்லிக்கும் விட்டுரு. தரையில கட்டையைப் போட்டு, ஈரம் ஏறாம, எதிரெதிரா ரெண்டு ஜன்னல் வச்சு. நீ லீவுக்கு வந்தா அதுலயே ஒரு மேசையைப் போட்டுக்கோ. தும்மல் வந்தா லீவு நீளும்.

பால்கனியைப் பத்திப் பேச ஒண்ணுமில்லை. 2020 மார்ச் 22ல எல்லாரும் பால்கனியில நின்னு கை தட்டுங்கன்னாக. பால்கனி இல்லாத நம்ம தெருக்காரங்க கூட்டமா நடுத்தெருவுல நின்னு தட்டுனாக, தட்டு கரண்டி சகிதமா. ஆனி ஆடிக் காத்துல அந்தப் பால்கனியில பத்து நிமிசம் நின்னு பாரு, கண்ணுல புழுதியும் தலையில ஒரு படி மண்ணும் சேந்துரும். வேண்டாம், அழிச்சிரு.

சிட்-அவுட்டுன்னு ஒண்ணு போட்டிருக்கே, ஆறுக்கு நாலு. அதைச் சுத்திக் கிரில்லு, கிரில்லுக்கு ஒரு பூட்டு. நம்ம பழைய வீட்டுல முன்னால ரெண்டு பக்கமும் திண்ணை இருந்துச்சே, அதை இடிச்சது ஒங்க அப்பன். காரு நிக்க எடம் வேணுமாம். காரு இன்னும் வரலை. வழிப்போக்கன் படுத்து எந்திரிச்ச எடம், பருத்திக்கு வெலை பேசுன எடம், நீ சிலேட்டுல மொதல்ல கிறுக்குன எடம். அதை ஒடச்சுப் போட்டுட்டு, ஊரடங்குல வீட்டுக்குள்ள மூச்சு முட்டுதுன்னதும் அதையே இப்ப சதுர அடிக் கணக்குல காசு குடுத்துக் கட்டுதே. அதுவும் வேத்தாளு வந்து உக்காந்துறக் கூடாதுன்னு பூட்டோட!

திண்ணையைப் பத்தி நான் பீத்துதேன்னு நெனைக்காதே. நோய்க்குன்னு மாடியில தனி ரூமு போட்டிருக்கியே, அந்தக் காலத்துல அம்மை போட்ட வீட்டு வாசல்ல வேப்பிலை செருகியிருக்கும். வெளியாளு உள்ள வரமாட்டாக, வீட்டாளு வெளிய போக மாட்டாக, தண்ணி ஊத்துற வரைக்கும் அடுப்புல தாளிப்பு கிடையாது. தனிமைப்படுத்துறதுன்னா அப்பவே நமக்குத் தெரியும். யாரும் தகரம் வச்சு அடைக்கலை. 2020ல சென்னையில தெருவையே தகரத்தை வச்சு அடைச்சாக, வீட்டுல ஸ்டிக்கர் ஒட்டுனாக. அதிகாரி உத்தரவு இல்லாம அப்படியெல்லாம் ஒட்டக் கூடாதுன்னு அந்த டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியதாப் போச்சு.

ஆனா அம்மைக்கு மட்டுமா தள்ளி வச்சோம்? ஒங்க பாட்டிக்கு மாசா மாசம் மூணு நாளு தொழுவுப் பக்கம் தனித்தட்டு, தனிச்செம்பு. அவளுக்கு என்ன நோய்? திண்ணையில ஏற விடாம, கீழ முற்றத்துல நிக்க வச்சே பேசி அனுப்புன ஆளுக எத்தனை பேரு. அவுகளுக்கு என்ன நோய்? ஆறடி தள்ளி நில்லுன்னு ஊருக்கே சொன்னப்பதான், தள்ளி நிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்னு நம்ம பெரிய மனுசங்களுக்கு உறைச்சுது. உறைச்சது எத்தனை நாளு நின்னுச்சுன்னு மட்டும் கேட்டுறாதே. திண்ணையைக் கட்டு. ஆறுக்கு நாலு பத்தாது, ஒரு ஆளு நீட்டிப் படுக்கணும். கிரில்லை மட்டும் கொல்லைக் கோழிக்கூட்டுக்குக் குடுத்துரு.

கக்கூஸ் விசயத்துல நான் வாயைத் தொறக்கப் போறதில்லை. தொறந்தா ஒங்க பாட்டி அகப்பையை எடுத்துருவா. விடியக் கருக்கல்ல வேலிக்கருவைக்குள்ள பயந்து பயந்து போயி வந்தவ அவ. ஒங்க சின்னத்தாத்தா 12,000 ரூவா மானியத்துல கட்டுன கக்கூசுல விறகு அடுக்கி வச்சிருந்தாரு. 2020 மே மாசம் பம்பாய் தாராவியில இருந்து மகன் குடும்பத்தோட வாரான்னு தெரிஞ்சதும், விடிய விடிய விறகை எடுத்து வெளிய போட்டாரு. தாராவியில பத்துக்குப் பத்து ரூமுல ஆறு பேரு, தெருவுக்கே சேத்து ஒரு கக்கூஸ். அங்க இருந்து வந்தவனைப் பாத்து, கக்கூசோட சேந்த தனி ரூமுல இருன்னு சுகாதாரத் துறை சொல்லுது. 2011 மக்கள்தொகைக் கணக்குல இந்த நாட்டுல நூத்துக்கு 37 குடும்பத்துக்கு வீடே ஒத்தை ரூமுதான். தனி ரூமுக்கு எங்கிட்டுப் போவான்? வேப்பமரத்தடியில கட்டிலைப் போட்டுப் படுத்தான். அவன் பொண்டாட்டி, பொம்பளைப் பிள்ளை அந்தப் பதினாலு நாளை எப்படிக் கழிச்சாகன்னு அவுகளைத்தான் கேக்கணும்.

நீ நாலு கக்கூஸ் கட்டு, வேண்டாங்கலை. நாலுக்கும் தண்ணி? போர் போட்டா உப்புத் தண்ணி. குழாயைத் தின்னுரும், பீங்கானைப் பழுப்பாக்கிரும். கூட்டுக் குடிநீர் என்னைக்கு வரும்னு பஞ்சாயத்துக்கே தெரியாது. வைப்பாத்துல தண்ணி ஓடுனதை விட மணல் லாரி ஓடுனதுதான் அதிகம். மழைத்தண்ணியைச் சேமிக்கணும்னு 2003லயே சட்டம் போட்டாக. ஊருல பாதி வீட்டுல அந்தக் குழாய் காம்பவுண்டு சுவரு வரைக்கும் வந்து சும்மா வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கி. அந்த ஹோம் தியேட்டரை எடுத்துட்டு அந்த எடத்துல தரைக்குக் கீழ பெரிய தொட்டியாக் கட்டு. ஐப்பசி, கார்த்திகை மழை மொட்டை மாடியில விழுறது பூராவும் அதுல எறங்கட்டும். படம் பாக்கணும்னா போன்ல பாரு. நாங்க திரையில பாத்தப்பவும் முன்னால இருக்குறவன் தலைதான் தெரிஞ்சுது.

இன்னொண்ணு. கலைஞர் கனவு இல்லம்னு கவர்மெண்டு கட்டித் தருதுல்ல, ஒரு வீட்டுக்கு மூணரை லட்சம், 360 சதுர அடி. அடுப்படி சேத்து ஒரு குடும்பம் பூராவும் அதுக்குள்ள. உன் பிளான்ல ஆபீஸ் ரூமையும் சினிமாக் கொட்டகையையும் கூட்டினா அதுவே 360 வருது. நான் பொறாமையில சொல்லலை. கூட்டிப் பாத்தேன், அம்புட்டுதான்.

இதெல்லாம் நீ கேட்டாலும் சரி, கேக்காட்டாலும் சரி. கேக்காட்டா மண்ணு கேட்டுக்கிடும். நம்ம கரிசலு கோடையில பாளம் பாளமா வெடிக்கும். வெடிப்புக்குள்ள கம்பை விட்டா கைப்பிடி வரைக்கும் எறங்கும். நாலு மழை விழுந்தா அதே மண்ணு உப்பிக்கிட்டு மேல வரும். மேலாக்க வாணம் தோண்டிக் கட்டுன சுவரு ஜன்னல் மூலையில இருந்து சாய்வாக் கீறிரும். மழைக்குக் கதவு சாத்தாது, வெயிலுக்குத் தாப்பாள் எட்டாது. மெட்ராசு இன்சினியரு டைல்சுக்கு ஏழு மாதிரி காட்டுதாரு, வாணத்துக்கு மூணடின்னு ஒத்தை வரியில எழுதியிருக்காரு. கரிசல் எத்தனை அடி இருக்குன்னு மொதல்ல குழி எடுத்துப் பாக்கச் சொல்லு. சுக்கான் பாறை தட்டுற வரைக்கும் போகணும். தோண்டுன கரிசலைத் திருப்பிக் குழிக்குள்ள தள்ளக் கூடாது, சரளும் மணலும் போட்டு இடிக்கணும். ரொம்ப ஆழமா இருந்தா, அடியில குடம் கணக்கா அகட்டி எறக்குற பைலு இருக்கு. ரூர்க்கியில இருக்குற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க இந்த மாதிரி மண்ணுக்குன்னே சொல்லிக் குடுத்தது. செலவு பிடிக்கும். பால்கனியையும் தியேட்டரையும் அழிச்ச காசு அதுக்குக் காணும்.

புரட்டாசி பிறக்குறதுக்குள்ள அஸ்திவாரம் தரைக்கு மேல வந்துரணும், பாத்துக்கோ. அதுக்கப்புறம் மழை விழுந்துட்டா, சரள் லாரி ரோட்டை விட்டு ஒரு அடி கரிசலுக்குள்ள எறங்காது.