ரெஸ்டோர் பாயின்ட் அண்ணாச்சி

வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் வரை தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டினால் மெக்கானிக்குக்கு முன்னால் இவருக்குத்தான் போன் போகும். கொட்டுகிற மழையிலும் குடையும் ஸ்குரூ டிரைவருமாக வந்து நிற்பார். கூலி ஒரு கட்டன் சாயா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பு வந்துவிடும்: "மக்கா, ஒண்ணும் ஆவாது. ரெஸ்டோர் பாயின்ட் கெடக்குல்லா!"

பேக்கப் என்று நாம் வாயெடுக்கக் கூடாது. "அது பயந்தவனுக்குள்ளதுலே. ராத்திரி பூரா ஓடும், தனி டிஸ்க் வேணும், துட்டு வேணும். இது ரெண்டு கிளிக்கு."

பல விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் சிஸ்டம் புரொடெக்‌ஷன் அணைந்துதான் வரும். அதை முடுக்கிவிடுவதை அண்ணாச்சி திறப்புவிழா மாதிரி நடத்துவார். பிறகு 'கிரியேட்' பொத்தான். அழுத்தியதும் ஒரு சின்னப் பெட்டி திறந்து பெயர் கேட்கும். மற்றவர்கள் 'டெஸ்ட்' என்று அடித்துவிட்டு எழுந்து போவார்கள். அண்ணாச்சி அங்கேதான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். 'சுசீந்திரம் தேருக்கு முந்தி.' 'சவேரியார் கோயில் திருவிழா கழிஞ்சு.' 'மண்டைக்காடு கொடைக்கு நாலு நாள் இருக்கையில்.' தேதியும் நேரமும் விண்டோஸே போட்டுக்கொள்ளும் என்று சொன்னால் சிரிப்பார். "தேதி யாருக்குலே ஞாபகம் இருக்கும்? கொடை ஞாபகம் இருக்கும்." அது சரிதான் என்பதுதான் நமக்கு எரிச்சல். அவர் வீட்டில் ஒருமுறை இதனால் சண்டையே வந்தது. ஊர்த் திருவிழாவெல்லாம் இருக்கிறது, மகள் பெற்ற பிள்ளை இல்லையா என்று அவர் மனைவி கேட்டுவிட்டார். அன்றைக்கே 'பேரன் பொறந்ததுக்கு மறுநாள்' ஏறியது.

எல்லாவற்றுக்கும் மகுடம், 'ஒக்கிக்கு முந்தி.' 2017 நவம்பர் 30 அன்று புயல் வந்து ரப்பரையும் வாழையையும் கரண்டு கம்பங்களையும் சாய்த்துப் போட்டு, நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோமே, அதற்கு முந்தைய வாரம் போட்டதாம். அது இன்றும் பத்திரமாக இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. ரெஸ்டோர் பாயின்ட்டுக்கென்று டிஸ்க்கில் ஒரு பங்கு இடம்தான் உண்டு. நிறைந்ததும் பழையதை விண்டோஸ் சத்தமில்லாமல் அழித்துவிடும். ஒருநாள் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். கடைசி இரண்டு மூன்று திருவிழாக்கள் மட்டும் இருந்தன. அண்ணாச்சி கொஞ்சநேரம் திரையையே பார்த்தார். "உள்ள எங்கயாவது கெடக்கும்லே" என்றார்.

விளையாட்டு இதுவரைக்கும்தான். என் அக்கா மகளின் கல்யாணப் படங்கள் இருந்த போல்டரை வீட்டில் ஏதோ பிள்ளை அழித்துவிட்டது. அண்ணாச்சி வந்தார், 'ஓணத்துக்கு முந்தி'யைத் தேர்ந்தெடுத்தார், ரெஸ்டோர் கொடுத்தார். கம்ப்யூட்டர் சொன்னபடி ஓணத்துக்கு முந்திப் போனது. ஓணத்துக்குப் பிறகு ஏற்றிய பிரிண்டர் டிரைவரும் தமிழ் டைப் செய்கிற மென்பொருளும் காணாமல் போயின. கல்யாணப் படம் ஒன்றுகூட வரவில்லை. வராது. 2000-இல் விண்டோஸ் எம்.இ.யோடு வந்த இந்த வசதியின் வேலை, சிஸ்டம் கோப்பு, ரெஜிஸ்ட்ரி, டிரைவர், ஏற்றிய மென்பொருள் இவற்றைப் பழைய நிலைக்கு இழுப்பது. நம் படத்தையும் பத்திரத்தையும் அது தொடாது. புது டிரைவர் போட்டு சிஸ்டம் மக்கர் செய்தால் சட்டென்று கைகொடுக்கும், அந்த மட்டில் அண்ணாச்சியைக் கும்பிடலாம். டிஸ்க்கே செத்தால்? ரெஸ்டோர் பாயின்ட் கிடப்பதும் அதே டிஸ்க்கில்தானே! பெட்டியின் மாற்றுச் சாவியை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிற காரியம். 2017 மே மாதம் உலகத்தை ஆட்டிவைத்த வானாகிரை என்ற ரான்சம்வேர், கோப்புகளைப் பூட்டியதோடு நிற்காமல் ரெஸ்டோர் பாயின்ட்டுகளுக்கு ஆதாரமான ஷேடோ காப்பிகளையும் தேடி அழித்தது.

இதெல்லாம் அண்ணாச்சிக்குத் தெரியாததா? தெரியும். என் கோபமே அதனால்தான். அழுதுகொண்டு நின்ற பெண்ணிடம் "அடுத்த தடவை பாயின்ட்டக் கொஞ்சம் பிந்திப் போடுவோம்" என்று சொல்ல எப்படி வாய் வந்தது? அவரிடம் வெளி ஹார்ட் டிஸ்க்கும் உண்டு. மகன் துபாயிலிருந்து கொண்டுவந்தது, ஒரு டெராபைட். அது முழுக்க மோகன்லால் படங்கள்.

அண்ணாச்சி, மார்ச் 31 உலக பேக்கப் தினமாம். அதுக்குள்ள அந்தப் படங்களில் பாதியையாவது அழியுங்க. சிஸ்டம் முழுவதையும் ஒரு இமேஜாக எடுங்க, பேரன் படங்களைத் தனியாக ஒரு காப்பி போடுங்க. முடிந்ததும் வயரைப் பிடுங்கி டிஸ்க்கை பீரோவில் வையுங்க. அதுக்கு என்ன பெயர் வைக்கிறதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்க.