எழுபது வளைவுக்கு மேலே ஒரு ஐடியா

நாமக்கல், சேலம் பக்கம் தொழில்முனைவோர் பிரிவு இல்லாத கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி புரிந்துணர்வு ஒப்பந்தம், பொன்னாடை, குழுப்படம். பிறகுதான் மாணவர்கள் ஐடியா தேடுகிறார்கள். சிறுதானியம் என்றால் ஐடியா போட்டி நடுவர்கள் தலையாட்டிவிடுவார்கள், 2023ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டாக்கியதல்லவா!

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால், அந்த ஐடியாவுக்கு நரை விழுந்திருப்பது தெரியும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலேயே சிறுதானிய வேலையோடு அந்த மலைக்கு வந்துவிட்டது. பின்னர் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகமும் கைகோத்தது. ஆல்பர்ட்டாவுக்கு வளைவுகள் பெரிதாகத் தெரியவில்லை போலும்.

அங்கே விளையும் சிறுதானியமான சாமையின் சிக்கல் லேபிளில் இல்லை, உமியில். உரலில் இட்டு உலக்கையால் குத்திக் குத்திப் பெண்களுக்குக் கை காய்த்ததுதான் மிச்சம். சேகோ ஆலைக்குப் போகும் மரவள்ளியில் அந்தப் பாடு இல்லை, காசும் கிடைக்கும். சாமைக் காடு சுருங்காமல் என்ன செய்யும்? ஊருக்குள் அரவை எந்திரம் வந்த பிறகுதான் மகளிர் குழுவினர் சாமை அரிசியைப் பொட்டலம் கட்டி விற்றார்கள், பிட்ச் டெக் எதுவும் காட்டாமலே.

செயலி செய்து தரும் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. எந்திரம் மக்கர் செய்தால் ஸ்பேனரோடு மலையேற மெக்கானிக்கல் பிரிவில் யாராவது உண்டா என்று அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.